நடக்கிற வேகத்தில் ஒரு படகு: லாங்கோலன் கால்வாயில் ஒரு நாள்

"பிரேக் எங்க இருக்கு, மாப்பிள்ளை?"

வாடகைப் படகைக் கையில் வாங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எதிரே ஒரு வளைவு, வளைவில் ஒரு கல் பாலம், பாலத்துக்கு அடியில் எங்களை நோக்கி இன்னொரு படகு. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் கேட்டது நியாயமான கேள்விதான். பிரேக் கிடையாது. ஒரே ஒரு லீவர். முன்னே தள்ளினால் முன்னே போகும், பின்னே இழுத்தால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நிற்கும். அன்று அது யோசித்து முடிப்பதற்குள் கரைப் புதருக்குள் மூக்கை நுழைத்துவிட்டோம். எதிர்ப்படகில் இருந்தவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே தலையசைத்துக் கடந்து போனார். இங்கே எல்லோரும் ஒருநாள் புதருக்குள் போனவர்கள்தான்.

அதற்குப் பிறகு பிரிட்டனின் இந்தக் கால்வாய்க்கு, நாமே ஓட்டும் வாடகைப் படகில், நாலைந்து முறை போய்வந்தாயிற்று. முதல்முறை போகிறவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எந்தப் படகு, எந்தக் கால்வாய்

நேரோபோட் என்பது பெயருக்கேற்ற ஒல்லிப் படகு. அகலம் சுமார் 2.1 மீட்டர். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கால்வாய் வெட்டியவர்கள், நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் பூட்டுமடைகளை ஏழடி அகலத்துக்குக் கட்டிவைத்தார்கள். அதற்குள் நுழைய வேண்டுமென்பதால் படகும் ஒல்லியாயிற்று. நீளம் மட்டும் 22 மீட்டர் வரை போகும். ஒரு நாள் வாடகைக்குத் தருவது அதில் பாதிகூட இருக்காது. சுமார் பத்துப் பேர் உட்காரலாம். நடுவில் மேசை, ஒரு சின்ன அடுப்பு, கழிவறை பெரும்பாலும் இருக்கும்.

முதல்முறைக்கு நான் சொல்வது வடகிழக்கு வேல்ஸில் இருக்கும் லாங்கோலன் கால்வாய். அதிலும் ட்ரெவர் என்ற சிற்றூரில் படகெடுத்து சர்க் என்ற ஊர் வரை போய்த் திரும்புவது. இந்தத் துண்டில் ஒரு பூட்டுமடைகூட இல்லை, அது முதல் காரணம். இரண்டு மணி நேரத்துக்குள் ஆற்றுக்கு மேலே பாலம்போல் போகும் ஓர் ஆகாய வாய்க்கால், ஒரு குட்டிக் குகை (கால்வாய்க்காகக் குடைந்த சுரங்கம்), ஒரு நீளக் குகை, ஒரு கோட்டை எல்லாம் வந்துவிடும், இது இரண்டாவது. கிளெட்ரிட் பாலத்திலிருந்து ஹார்ஸ்ஷூ அணை வரையிலான 18 கிலோமீட்டரை 2009-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நாம் ஓட்டப்போவது அதற்குள்தான்.

லாங்கோலன் என்று நான் எழுதுவது ஒரு சமாளிப்பு. வேல்ஸ் மொழியின் இரட்டை 'ல' வேறு ஓசை. நாக்கை 'ல்' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். 'ழ'வைச் சுத்தமாக உச்சரிக்கிற என் மனைவிக்கே அது வரவில்லை.

பதிவு செய்யும்போது

படகோட்ட லைசென்ஸ் வேண்டாம். தெம்பான பெரியவர்கள் இரண்டு பேராவது கூட இருந்தால் நல்லது. ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் கயிற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரை சீசன். வார நாளில் வாடகை குறைவு, பள்ளி விடுமுறையில் எகிறும். குளிர்காலத்தில் கால்வாயைப் பழுதுபார்க்க அங்கங்கே அடைப்பார்கள். ஆகவே தேதியை முடிவு செய்யுமுன் கனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் அறிவிப்புகளை ஒருமுறை பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளைப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளை அது.

காரில் வராதவர்கள் ருவாபன் ரயில் நிலையத்தில் இறங்கி, லாங்கோலன் பக்கம் போகும் பஸ்ஸில் ட்ரெவருக்கு வரலாம். காலை ஒன்பது மணிவாக்கில் படகைக் கொடுத்துவிட்டு, மாலை நாலரை ஐந்துக்குள் திரும்பக் கேட்பார்கள். முந்தின நாளே வந்து தங்கிவிடுவது உத்தமம். காலையில் ஒரு மணி நேரம் தாமதித்தால் கோட்டை கைவிட்டுப் போகும்.

மூட்டை

ஜூலை மாதமானாலும் மழைக்கோட்டு. பின்பக்கம் நின்று ஓட்டுகிறவருக்குக் காற்று நேராக அடிக்கும் என்பதால் ஒரு ஸ்வெட்டர். பிடிமானமுள்ள தட்டையான ஷூ. உபரியாக ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு டார்ச், கையுறை. சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். படகில் ஆடாமல் அசையாமல் சாப்பிடலாம், சாம்பார்கூடச் சிந்தாது. ஆனால் சாப்பிடுமுன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். கால்வாய் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். ஈரக் கயிற்றைத் தொட்ட கையோடு அப்பளம் எடுக்கிற பழக்கம் இங்கே ஆகாது.

படகை ஒப்படைக்கும் அரை மணி

கம்பெனி ஆள் சொல்லிக் கொடுக்கும்போது குடும்பமே போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும். அதைத் தடுத்து நிறுத்துங்கள். எஞ்சினைக் கிளப்புவது, நியூட்ரல் எங்கே, ஹாரன் எங்கே, குகை விளக்கின் ஸ்விட்ச் எது, கயிறு கட்டக் கரையில் அடிக்கும் முளைகளும் சுத்தியலும் எந்தப் பெட்டியில், திரும்பும் இடம் வரைபடத்தில் எது. இவற்றை இரண்டு பேராவது காதில் வாங்க வேண்டும். திரும்பும் இடத்துக்கு 'விண்டிங் ஹோல்' என்று பெயர். கரையில் வெட்டியிருக்கும் ஒரு முக்கோணக் குடைவு அது. படகின் மூக்கை அதற்குள் விட்டுப் பின்பக்கத்தைச் சுற்ற வேண்டும். உயிர்காப்பு மேலங்கி கேட்டால் தருவார்கள். குழந்தைகளுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் கேட்டு வாங்கி மாட்டிவிடுங்கள்.

ஓட்டுவது

நம் கடற்கரைக்காரர்கள் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். நேரோபோட்டில் ஓட்டுகிறவர் நிற்பது அமரத்தில். கையில் பிடிப்பது டில்லர் என்ற நீண்ட பித்தளைக் கம்பு, அது தண்ணீருக்குள் இருக்கும் சுக்கானைத் திருப்பும். கம்பை இடதுபக்கம் தள்ளினால் அணியம் வலதுபக்கம் போகும். முதல் அரை மணிக்கு மூளை முரண்டு பிடிக்கும். "எங்கே முட்டப் பார்க்கிறதோ அந்தப் பக்கமே கம்பைக் காட்டு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டால் பழகிவிடும்.

காரைப் போல முன்பக்கம் திரும்ப, பின்பக்கம் தொடர்ந்து வரும் என்று எண்ண வேண்டாம். படகு தன் நடுவயிற்றை அச்சாக வைத்துச் சுழலும். அணியம் வலதுபுறம் ஒதுங்கும்போது அமரம் இடதுபுறம் வீசும். பாலத்துக்கு அடியில் முன்பக்கம் நுழைந்துவிட்டது என்று நிம்மதியாகக் கம்பைத் திருப்பினால், பின்பக்கம் கல்லில் 'டங்' என்று மோதும். முழுப் படகும் வெளியே வரும்வரை நேராகவே பிடியுங்கள்.

இன்னொன்று, கம்பைத் திருப்பியதும் ஒன்றும் நடக்காது. மூன்று நான்கு விநாடி கழித்துத்தான் படகுக்குக் காது கேட்கும். அதற்குள் பதறி இன்னும் திருப்பிவிடுவோம், படகு கோணல்மாணலாக ஓட ஆரம்பிக்கும். கொஞ்சமாகத் திருப்பி, காத்திருந்து, நேராக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. ரிவர்ஸில் சுக்கான் அநேகமாகச் சொன்னபடி கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாலையில் இடதுபக்கம் ஓட்டுகிற நாட்டில், கால்வாயில் மட்டும் வலதுபக்கம் ஒதுங்கிப் போக வேண்டும். வேக வரம்பு மணிக்கு 4 மைல், அதாவது ஆறரை கிலோமீட்டருக்குள். அதைக்கூட எட்ட மாட்டீர்கள், எட்டவும் கூடாது. பின்னால் திரும்பிப் பார்த்தால் அலை கரையில் மோதி உடைகிறதா? அப்படியானால் வேகம் அதிகம். கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்னும் குறையுங்கள். நம் இழுப்பில் அவர்களுடைய முளை பிடுங்கிக்கொண்டு வரும், உள்ளே அடுப்பில் யாராவது பால் வைத்திருப்பார்கள்.

கரையிலோ பாலத்திலோ மோதப் போகிறது என்று தெரிந்தால் மோதட்டும். கையையோ காலையோ நீட்டித் தடுக்கவே கூடாது. படகு டன் கணக்கில் எடை. மோதலைத் தாங்கத்தான் அதை இரும்பில் செய்திருக்கிறார்கள்.

ஆகாய வாய்க்கால்

ட்ரெவரை விட்டுக் கிளம்பிய உடனேயே பொன்ட்கசல்டே வந்துவிடும். இன்னும் ஓட்டவே பழகவில்லையே என்று பயப்பட வேண்டாம். இங்கே படகு தண்டவாளத்தில் போவதுபோலத் தானாகப் போகும். டீ ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் நீளத்துக்கு ஒரு வார்ப்பிரும்புத் தொட்டி, அதில் தண்ணீர், அதில் நாம். பொறியாளர்கள் தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் 1795-இல் தொடங்கி 1805-இல் திறந்தார்கள். ஆற்றின் பெயர்தான் டீ, குடிக்கிற டீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நுழையுமுன் எதிரே படகு வருகிறதா என்று பாருங்கள். ஒன்றுதான் போக முடியும். வந்தால் காத்திருங்கள். நடைபாதை இருக்கும் பக்கம் கம்பி வேலி உண்டு. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. தொட்டியின் இரும்பு விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு சாண்கூட நிற்காது, அதைத் தாண்டினால் நேரே மரங்களின் உச்சி. குழந்தைகளை உள்ளே உட்கார வையுங்கள். பெரியவர்களும் அந்தப் பக்கம் காலைத் தொங்கப்போட வேண்டாம். உயரம் ஆகாதவர்கள் கண்ணைத் தங்கள் படகுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். என் மாமியார் பாதி தூரம் கந்தசஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டு வந்தார், மீதி தூரம் வீடியோ எடுத்தார்.

பாதிப்பேர் படகில், பாதிப்பேர் பாதையில்

படகும் நடக்கிற மனிதனும் ஏறக்குறைய ஒரே வேகம். இதை முதல் பயணத்தில் நான் கவனிக்கவில்லை, எல்லோரும் படகிலேயே அடைந்து கிடந்தோம். இப்போது முறை வைத்து நடக்கிறோம். கால்வாயின் ஓரமாகவே ஓடுகிறது இழுவைப் பாதை. எஞ்சின் வருமுன் குதிரை இந்தப் பாதையில் நடந்துதான் படகை இழுத்தது. பழைய பாலங்களின் மூலைக் கல்லைத் தடவிப் பாருங்கள். ஈரக் கயிறு பல வருஷம் உரசி, விரல் நுழைகிற அளவு பள்ளம் விழுந்திருக்கும். மாமனார் அதில் விரலை வைத்துக்கொண்டு, சின்ன வயதில் பக்கிங்ஹாம் கால்வாயில் ஆட்கள் கரையில் நடந்தபடியே விறகுப் படகை இழுத்துப் போனதைச் சொன்னார். இங்கே குதிரைக்குக் கொடுத்த வேலை அங்கே மனிதர்களுக்கு.

ஆள் மாற்றிக்கொள்ளத் தோதான இடம் பாலத்தடி. அங்கே கால்வாய் குறுகிவிடும், கரை ஓர் எட்டுத் தூரத்தில் வரும். படகு நன்றாகத் தளர்ந்த பிறகு, ஒவ்வொருவராக, நடந்து இறங்க வேண்டும். குதிப்பது வேண்டாம். தவறி விழுந்தவர்களில் பெரும்பாலோர் குதித்தவர்களாகத்தான் இருப்பார்கள். யாராவது விழுந்துவிட்டால் முதல் வேலை லீவரை நியூட்ரலில் போடுவது. பயப்பட ஆழமில்லை, பெரும்பாலும் எழுந்து நின்றாலே இடுப்பளவுதான். தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளுகிற விசிறிதான் ஆபத்து.

கயிறு, என் தவறு

ஆகாய வாய்க்காலைத் தாண்டினால் ஃப்ரான்கசல்டே, உள்ளூர்க்காரர்கள் வாயில் 'வ்ரான்'. பழைய சுண்ணாம்புக் காளவாய்கள் இருக்கும் ஊர். இரண்டாவது பயணத்தில் அங்கே தேநீருக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது, அமரத்துக் கயிற்றைச் சுருட்டி வைக்காமல் விட்டேன். நுனி தண்ணீரில் விழுந்திருக்கிறது. இருபது அடி போவதற்குள் எஞ்சின் ஒரு முக்கல் முக்கி நின்றது.

கம்பெனிக்குப் போன் செய்தேன். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கை வைக்க வேண்டும் என்றார்கள். அமரத் தளத்துக்கு அடியில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. திறந்தால் நேரே விசிறிக்கு வழி. குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டேன். தண்ணீர் எலும்பைத் தொட்டது. நீல நைலான் கயிறு, ஏழெட்டுச் சுற்று, இறுக்கத்தில் இரும்பாகிப் போயிருந்தது. ரொட்டி வெட்டுகிற கத்தியால் இழை இழையாக அறுத்தெடுக்க முக்கால் மணி. அந்த மூடியைத் திரும்ப இறுக்கமாகப் பூட்டியதை இரண்டு பேர் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று போனிலேயே மூன்று முறை சொன்னார்கள். அது சரியாக மூடாவிட்டால் எஞ்சின் ஓடும்போது தண்ணீர் உள்ளே பீச்சியடித்துப் படகே முங்கிவிடும்.

ஆகவே கரை கட்டும் முறை: வேகத்தை வெகுவாகக் குறைத்து, அணியத்தைச் சாய்வாகக் கரைக்குக் கொண்டுவாருங்கள். தொட்டதும் லேசாக ரிவர்ஸ். நடுக்கயிற்றோடு ஒருவர் இறங்கிப் பிடிக்கட்டும். பிறகு அணியத்துக்கும் அமரத்துக்கும் தனித்தனிக் கயிறு. கரையில் வளையம் இருந்தால் அதில் கோத்துக் கயிற்றின் நுனியைப் படகுக்கே கொண்டுவந்து கட்டுங்கள், அவிழ்க்கச் சுலபம். வளையம் இல்லையென்றால் முளையடிக்க வேண்டும். நடைபாதைக்குக் குறுக்கே கயிறு போகக் கூடாது, சைக்கிள்காரர்கள் வருவார்கள். எழுதும்போது இவ்வளவு நீளமாக இருக்கிறது, செய்யும்போது ஐந்து நிமிடம்.

சர்க்கில் ஒரு நடை

வைட்ஹவுஸ் குகை சின்னது, சீக்கிரம் கடந்துவிடும். அடுத்து வரும் சர்க் குகை 421 மீட்டர். இரண்டிலும் ஒரு படகுதான் போகலாம். உள்ளே விளக்கு வெளிச்சம் தெரிந்தால் வெளியே காத்திருக்க வேண்டும்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது: சர்க் குகைக்கு முன்பாகவே படகைக் கட்டிவிட்டு, குகையைக் கால்நடையாகக் கடங்கள். உள்ளே கம்பிப் பிடியோடு நடைபாதை உண்டு. டார்ச் இங்கேதான் வேண்டும். பாதி வழியில் டார்ச்சை அணைத்தால் முன்னும் பின்னும் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒவ்வொரு வெளிச்சம், கூரையிலிருந்து சொட்டுகிற நீரின் சத்தம். வெளியே வந்தால் சர்க்கின் ஆகாய வாய்க்கால், 1801-இல் முடித்தது, 21 மீட்டர் உயரம். பக்கத்திலேயே அதைவிட உயரமாக ஒரு ரயில் பாலம் கட்டிக் கால்வாயைக் குனிந்து பார்க்க வைத்திருக்கிறார்கள். கீழே ஓடும் கைரியோக் ஆறுதான் வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் எல்லை. நடந்தே நாடு மாறிவிட்டுத் திரும்பலாம்.

நேரமிருந்தால் சர்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து கோட்டைக்குப் போகும் சாலை. கோட்டை வரை ஒருவழிக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், கொஞ்சம் ஏற்றம். 1310-இல் கட்டி முடித்த கோட்டை. 1595-இல் தாமஸ் மிடில்டன் ஐயாயிரம் பவுண்டுக்கு வாங்கினார். இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வசம். உள்ளே சுற்ற அரை நாள் வேண்டும், ஆகவே இன்று அந்த ஆசை வேண்டாம். டேவிஸ் சகோதரர்கள் என்ற கொல்லர்கள் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடித்த இரும்பு வாயிற்கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலே போதும். இரும்பில் இலை, கொடி, பூ என்று கோயில் தேர்ச் சிற்பம் போல இழைத்திருக்கிறார்கள்.

வயல்பாதையில் நடப்பவர்களுக்கு: மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர் பாதை, நீல அம்பு என்றால் குதிரைக்கும் அனுமதி. கதவு மூடியிருந்தால் கடந்ததும் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். மாட்டுக்கும் அதன் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். நம் ஊர் மாடு போல ஒதுங்கும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

திரும்பும்போது கணக்கு மாறும்

புதியவர்கள் ஏமாறுகிற இடம் இது. மற்றக் கால்வாய்களில் தண்ணீர் அநேகமாக நிற்கும். இங்கே ஓடுகிறது. ஹார்ஸ்ஷூ அணையில் டீ ஆற்றிலிருந்து பிரிகிற நீர் இந்த வழியாகத்தான் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் குடிநீராகப் போகிறது. 1944-இல் சட்டப்படி படகுப் போக்குவரத்துக்கு மூடியும் கால்வாய் தூர்ந்து போகாமல் தப்பியது இந்தக் குடிநீரால்தான். சர்க்குக்குப் போகும்போது ஓட்டம் நம் பக்கம். திரும்பி வரும்போது எதிர்நீச்சல். அதிலும் வைட்ஹவுஸ் குகையிலும் ஆகாய வாய்க்காலிலும், படகு இடுக்கை அடைத்துக்கொள்வதால் தண்ணீர் ஒதுங்க இடமின்றி எதிர்த்துத் தள்ளும். எஞ்சினை முறுக்கினாலும் பெரிய பலன் இல்லை, சத்தம்தான் கூடும். போக இரண்டு மணி ஆனால் வர இரண்டரை மணி என்று வைத்துக்கொண்டு, பிற்பகல் ஒன்றரை மணிக்கெல்லாம் சர்க்கை விட்டுக் கிளம்புங்கள்.

படகை ஒப்படைத்த பிறகும் கோடையில் வெளிச்சம் ஒன்பது மணி வரை இருக்கும். நேரே காருக்குப் போய்விடாமல், ட்ரெவரிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். காலையில் கடந்த பதினெட்டுத் தூண்களும் அங்கே தலைக்கு மேலே நிற்கும். கடைசியாகப் போனபோது நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு படகு கடந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து படகு தெரியவில்லை. இடுப்புக்கு மேல் ஒரு மனிதர் மட்டும் வானத்தில் மெதுவாக நகர்ந்து போனார், கையில் ஒரு கோப்பையோடு.

"அவரும் பிரேக்கைத்தான் தேடிட்டிருக்காரோ என்னவோ" என்றார் மாமனார்.